பம்ப் ஹவுஸுக்குள் என்ன இருக்கிறது?



போபால் என்றவுடன் 1984 டிசம்பர் மாதம்தான் உங்கள் நினைவுக்கு வரும். நாம் முதலில் பேச வந்தது அதுவல்ல. அதே போபாலில், 38 ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபர் 26 அன்று நடந்ததைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

போபாலில் ஈத்கா ஹில்ஸ் என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே மாநகராட்சியின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. தண்ணீரில் கலப்பதற்காக வைத்திருந்த குளோரின் உருளையிலிருந்து வாயு கசிந்தது. பக்கத்திலிருந்த மதர் இந்தியா காலனி மக்களுக்குக் கண் எரிந்தது, இருமல் பிடித்தது, மூச்சு முட்டியது. வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சிலரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்!

'நிலைமை கட்டுக்குள் இருக்கிறது, பீதியடைய வேண்டாம்' என்றது அதிகார வர்க்கம். இரண்டு நாள் பேசிய பத்திரிகைகள் மூன்றாம் நாள் வேறு செய்திக்குப் போய்விட்டன.

சிந்தித்துப் பாருங்கள் சகோதரர்களே! விஷவாயு என்றால் என்னவென்று உலகத்துக்கே பாடம் நடத்திய ஊர் அது. ஆயிரமாயிரம் ஜனாஸாக்களை ஒரே நாளில் சுமந்த ஊர் அது. அந்த ஊரில்கூட, நம் தெருமுனையில் இருக்கும் குடிநீர் நிலையத்துக்குள் என்ன இருக்கிறது, அது கசிந்தால் எந்தப் பக்கம் போவது என்று அக்கம்பக்கத்து மக்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. போபாலிலேயே இந்தக் கதி என்றால், உங்கள் ஊரில் சொல்லியிருப்பார்களா? நீங்கள்தான் கேட்டீர்களா?

தண்ணீருக்கு நாம் எதிரியா?

இதைப் பேச ஆரம்பித்தாலே சில அறிவாளிகள், 'குடிக்கிற தண்ணீரிலும் அரசியலா? குளோரின் போடாவிட்டால் காலரா வரும், தெரியுமா?' என்று கிளம்பிவிடுகிறார்கள். தெரியும் ஐயா, நன்றாகவே தெரியும். குளோரின் கலந்த தண்ணீர் நம் பிள்ளைகளைக் காலராவிலிருந்தும் டைபாய்டிலிருந்தும் காப்பாற்றி வருகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. குளோரின் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. அதை எப்படி வைத்திருக்கிறீர்கள், யார் கையில் கொடுத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

பெரிய குடிநீர் நிலையங்களுக்கு வரும் குளோரின், மஞ்சள் வண்ணம் பூசிய இரும்பு உருளையில் வருகிறது. பெரிய உருளைக்கு 'டன்னர்' என்று பெயர். ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம். அதற்குள் 900 கிலோ குளோரின், அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டு அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 460 லிட்டர் வாயுவாக விரியும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். ஆகவே அது புகையைப் போல மேலே போய்க் கலைவதில்லை. தரையோடு தரையாக, பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில், சாக்கடை வழியாகவும் சந்து வழியாகவும் ஊர்ந்து வரும். பள்ளத்தில் இருக்கும் குடிசையையும், கடைக்குக் கீழே இருக்கும் குடோனையும் முதலில் பிடிக்கும். அந்த இடங்களில் இருப்பவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

1915 ஏப்ரல் 22 அன்று, முதல் உலகப்போரில், பெல்ஜியத்தின் ஈப்ரஸ் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை எதிரிகளின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். ஆயிரக்கணக்கான உருளைகளைத் திறந்துவிட்டுக் காற்று தூக்கிக்கொண்டு போகட்டும் என்று காத்திருந்தார்கள். அன்றைக்குப் போர்க்களத்தில் படைகள் காவல் காத்த பொருளுக்கு, இன்று நம் ஊரில் காவல் ஒரு பூட்டும், ஒரு ஒப்பந்தத் தொழிலாளியும்!

கசிவு எப்படி வருகிறது?

'விபத்து' என்ற சொல்லைக் கேட்டதும் நாம் வானத்தைப் பார்க்கிறோம். ஏதோ இடி விழுந்த மாதிரி! அதிகாரிகளுக்கு இதைவிட வசதியான சொல் வேறு கிடையாது. ஆனால் குளோரின் கசிவுகளின் வரலாற்றைப் புரட்டினால், பெரும்பாலும் ஒரு அற்பமான பொருளில்தான் போய் நிற்கிறது.

உருளையை மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்பில் புதிய ஈய வாஷர் போட வேண்டும். அந்த வாஷருக்கு என்ன விலை இருக்கும் என்று ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் சொல்லட்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று பழையதையே திருப்பிப் போட்டால் கசியும். இணைக்கும் செப்புக் குழாயை வளைத்து வளைத்து ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினால் வெடிப்பு விடும். காய்ந்த குளோரின் இரும்பை ஒன்றும் செய்யாது. அதில் துளி ஈரம் சேர்ந்துவிட்டால் அமிலமாக மாறி வால்வை உள்ளிருந்தே அரித்துவிடும். உருளையின் இரு முனைகளிலும் உருகும் அடைப்பான்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 70 டிகிரி வெப்பத்தில் அவை உருகி வழிவிடும். தீப்பிடித்தால் உருளையே வெடித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்த அடைப்பானே அரித்துப் போனால்? அதைப் பார்த்துச் சொல்லத்தான் உருளை நிரப்பும் இடத்தில் சோதனையும், உருளையின் மேல் பொறிக்கப்பட்ட சோதனைத் தேதியும். உங்கள் ஊர் உருளையில் அந்தத் தேதியை யாராவது படித்துப் பார்த்ததுண்டா?

2010 ஜூலையில் மும்பை சிவ்ரியில், துறைமுகத்துக்குச் சொந்தமான கிடங்கில், ஆண்டுக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய குளோரின் உருளைகள் கசிந்தன. நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களும் அதில் அடக்கம். அந்த உருளைகளை யாரும் திறக்கவில்லை, உடைக்கவில்லை. சும்மா கிடந்தன. அவ்வளவுதான். காலியான உருளை என்று மூலையில் போட்டிருப்பதற்குள்ளும் வாயு மிச்சமிருக்கும் என்பதை ஸ்கிராப் வியாபாரம் செய்யும் நம் சகோதரர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மலிவாக வருகிறது என்று மஞ்சள் உருளையை எடைக்கு வாங்காதீர்கள்!

2022 ஜூன் 27 அன்று ஜோர்டானின் அகபா துறைமுகத்தில் கிரேனின் கம்பி அறுந்து குளோரின் தொட்டி ஒன்று கப்பல் தளத்தில் விழுந்தது. மஞ்சள் மேகம் எழுந்து கப்பலை மூடிய அந்தக் காட்சியை உங்களில் பலர் கைபேசியில் பார்த்திருப்பீர்கள், அடுத்தவருக்கு அனுப்பியுமிருப்பீர்கள். 13 பேர் இறந்தார்கள், இருநூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 'யா அல்லாஹ்!' என்று நெஞ்சில் கை வைத்த நாம், நம் ஊர்க் குடிநீர் நிலையத்திலும் ஒரு டன்னரைச் சங்கிலியில் தொங்கவிட்டுத்தான் லாரியிலிருந்து இறக்குகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தோமா? அந்தச் சங்கிலியை யார் சோதித்தார்கள்?

நான் கண்ணால் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஊருக்குப் பயானுக்குப் போயிருந்தேன். பள்ளிவாசலுக்குப் பின்புறம் நீரேற்று நிலையம். அஸர் தொழுதுவிட்டு இளைஞர்கள் சிலரோடு அந்தப் பக்கம் நடந்தபோது கதவு திறந்திருந்தது. உள்ளே நான்கு டன்னர்கள். இரண்டில் குழாய் மாட்டியிருந்தது. மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி.

அங்கிருந்த ஆபரேட்டர் நல்ல மனிதர். ஐம்பது வயதிருக்கும். ஒப்பந்தக்காரரிடம் வேலை. 'வாங்க பாய்' என்று உள்ளே கூப்பிட்டார். கசிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். 'துண்டை நனைச்சு மூஞ்சியில கட்டிக்கிட்டு வால்வ மூடிருவேன் பாய்' என்றார். மூச்சுக்கருவி இல்லையா என்றேன். 'இருக்கு, பீரோவுல இருக்கு. சாவி இன்ஜினியர் சார்கிட்ட' என்றார். இன்ஜினியர் எங்கே? மாவட்டத் தலைநகரில்! காற்றடைத்த மூச்சுக்கருவி ஊரில் பூட்டிய பீரோவில். அதன் சாவி வேறு ஊரில். நடுவில் நனைந்த துண்டோடு ஒரு ஏழை. இதற்குப் பெயர்தான் பாதுகாப்பு ஏற்பாடு!

சுவரில் அபாய எச்சரிக்கைப் பலகை இருந்தது. அதன் மேல் ஒரு கட்சியின் போஸ்டர் ஒட்டியிருந்தது. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எல்லாக் கட்சியும் ஒட்டும்.

அந்த ஆபரேட்டரை நான் குறை சொல்லவில்லை. முதல் மூச்சு அவருக்குத்தான் போகும். அவருக்கு முறையான பயிற்சியும் கருவியும் கொடுங்கள் என்று கேட்பது நம் மஹல்லாவுக்காக மட்டுமல்ல, அவருடைய பிள்ளைகளுக்காகவும்தான்.

தண்ணீர் ஊற்றாதே!

கசிந்த பிறகு செய்ய வேண்டியதிலும் இவர்கள் அறியாமையைப் பாருங்கள். எங்கே கசிவு என்று கேட்டாலும் உடனே தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது வழக்கமாகிவிட்டது. குளோரின் கசியும் ஓட்டையில் தண்ணீர் படவே கூடாது. காரணம் எளிது. திரவம் வாயுவாக மாறும்போது உருளை குளிர்ந்துகொண்டே போகும், மேலே பனி படியும், கசிவும் தானாக மட்டுப்படும். அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் நாமே அதற்குச் சூடு கொடுக்கிறோம். அதோடு ஈரம் சேர்ந்து அமிலமாகி ஓட்டையைப் பெரிதாக்குகிறது. சிலர் உருளையைக் குளத்தில் உருட்டிவிடச் சொல்வார்கள். அது அதைவிட மோசம். உருளை மிதந்துகொண்டே கக்கும்.

தெரிந்தவர்கள் செய்வது வேறு. முழு மூச்சுக்கருவி அணிந்த இருவர் காற்று வீசும் திசையிலிருந்து நெருங்குவார்கள். ஒருவர் மட்டும் போகக் கூடாது. அமோனியாக் கரைசலின் ஆவியைக் காட்டினால் கசியும் இடத்தில் வெண்புகை எழும்பிக் காட்டிக் கொடுக்கும். உருளையை உருட்டி, கசியும் இடம் மேல்பக்கம் வரும்படி நிறுத்துவார்கள். அப்போது திரவம் வெளியேறாமல் வாயு மட்டும் வெளியேறும். கசிவின் அளவு பல மடங்கு குறையும். பிறகு அதற்கென்றே இருக்கும் மூடியைப் பொருத்தி இறுக்குவார்கள். முடியாவிட்டால் வாயுவைக் குழாய் வழியாகக் காஸ்டிக் சோடாக் கரைசலுக்குள் செலுத்துவார்கள். ஒரு கிலோ குளோரினை அடக்க ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் காஸ்டிக் சோடா வேண்டும். அப்படியானால் 900 கிலோ டன்னருக்கு ஒரு டன்னுக்கு மேல் வேண்டும். கணக்கு வியாபாரிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்கள் ஊர் நிலையத்தில் எத்தனை மூட்டை காஸ்டிக் சோடா இருக்கிறது? ஒரு மூலையில் இரண்டு மூட்டை கட்டியாக உறைந்து கிடந்தால் அது யாரை ஏமாற்ற?

பொதுமக்களுக்குத் தெரிய வேண்டியது இதைவிடக் குறைவு. ஆனால் தெரிந்தே ஆக வேண்டியது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். வாயு போகிற திசையிலேயே ஓடாதீர்கள், அது உங்களோடு கூடவே வரும். காற்றுக்குக் குறுக்காக விலகி, மேடான இடத்துக்குப் போங்கள். வெளியேற வழியில்லையென்றால் மாடிக்கு ஏறி, கதவு ஜன்னலை அடைத்து, இடுக்குகளில் ஈரத்துணி திணித்து, ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொள்ளுங்கள். அது தப்பித்துப் போகும் சில நிமிடங்களுக்குத்தான். உள்ளே போய் வேடிக்கை பார்ப்பதற்கல்ல. வாயு பட்டவரின் உடைகளைக் களைந்து, கண்ணையும் உடம்பையும் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். 'இப்போது சரியாகிவிட்டது' என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரலாம். இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆக்சிஜனும் மருத்துவரின் கண்காணிப்பும்தான் வைத்தியம்.

சங்கை அணைத்தவர்கள்

இப்போது 1984-க்கு வருவோம். அது பூச்சிமருந்துத் தொழிற்சாலை, குடிநீர் நிலையம் அல்ல. வாயுவும் வேறு. ஆனால் அலட்சியம் ஒன்றுதான். மீத்தைல் ஐசோசயனேட் இருந்த தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். வாயுவைக் காஸ்டிக் சோடாவால் கழுவும் கோபுரம் தயார் நிலையில் இல்லை. எரித்து விடும் கோபுரத்துக்குப் போகும் குழாய் பழுதுபார்ப்பு வேலைக்காகக் கழற்றப்பட்டிருந்தது. ஊருக்கான அபாயச் சங்கைச் சிறிது நேரம் ஒலித்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். ஜே.பி. நகரிலும் காஜி கேம்ப்பிலும் மக்கள் இருமிக்கொண்டே எழுந்து, எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஓடினார்கள். மருத்துவமனைக்குப் போனால், எந்த வாயு, என்ன சிகிச்சை என்று மருத்துவர்களுக்கே சொல்ல ஆளில்லை. அந்தச் சமயத்தில் ரயில் நிலையத்தில் பணியிலிருந்த துணைக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், பயணிகள் நிறைந்த ரயிலை நேரத்துக்கு முன்பே கிளப்பி அனுப்பினார். எத்தனையோ உயிர்கள் அதனால் பிழைத்தன. அவர் அந்த வாயுவின் நோயைச் சுமந்தே வாழ்ந்து 2003-ல் மறைந்தார்.

2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் இறந்தார்களே, அங்கேயும் சங்கு ஒலிக்கவில்லை. 2023 டிசம்பரில் சென்னை எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் மீனவ மக்களை நள்ளிரவில் எழுப்பியது அரசாங்கமல்ல, அவர்களுடைய மூக்கு!

சங்கு ஊதுவது அவர்கள் பொறுப்பு. அவர்கள் ஊதமாட்டார்கள் என்பது அனுபவம். அப்படியானால் நம்மிடம் என்ன இருக்கிறது? ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு ஒலிபெருக்கி இருக்கிறது. கோயிலிலும் சர்ச்சிலும் இருக்கிறது. குடிநீர் நிலையத்தின் ஆபரேட்டரிடம் உங்கள் முஅத்தினின் தொலைபேசி எண்ணும், முஅத்தினிடம் அவருடைய எண்ணும் இருக்கட்டும். கசிவு என்றால் எந்தத் தெரு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று இரண்டு வரியில் எழுதி மைக்குக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். 'ஓடுங்கள், ஓடுங்கள்' என்று மட்டும் அறிவிப்பது ஆபத்து. எங்கே என்று சொல்ல வேண்டும். குழந்தைகள் மதரஸாவில் இருக்கும் நேரத்தில் நடந்தால் என்ன செய்வது என்று உஸ்தாதுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜனாஸாவுக்குப் பின்னால் ஓடும் சமுதாயம்

சகோதரர்களே, கொஞ்சம் கசப்பாகப் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே விபத்து என்றாலும் முதலில் ஓடி நிற்பவர்கள் நம் இளைஞர்கள். ரத்தம் கொடுக்கிறார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார்கள். உரிமை கோராத உடல்களை எடுத்து அடக்கம் செய்கிறார்கள். நம் வியாபாரிகள் அரிசியும் போர்வையும் லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். மாஷா அல்லாஹ், இதற்கு ஈடு இல்லை. ஆனால் அந்த ஜனாஸா விழுவதற்கு முந்தின மாதம் நாம் எங்கே இருந்தோம்? ஒரு மனு போட்டோமா? ஒரு கேள்வி கேட்டோமா? நிவாரணத்துக்கு லட்சம் ரூபாய் வசூலிக்கத் தெரிந்த ஜமாஅத்துக்கு, பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு தாள் எழுதத் தெரியவில்லை!

'எல்லாம் விதிப்படி நடக்கும் ஹஜ்ரத்' என்று தாடியைத் தடவிக்கொண்டு சொல்லும் பெரியவர்களையும் பார்க்கிறேன். கடையின் ஷட்டரை இரண்டு பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, பத்தடி நடந்து திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறவர்கள் இவர்கள். கல்லாப்பெட்டிக்கு மட்டும் பூட்டு. பிள்ளைகளின் மூச்சுக்கு விதியா? ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு தவக்குல் பேசுவதை மார்க்கம் நமக்குக் கற்றுத் தரவில்லை.

சட்டம் இருக்கிறது. 1984-க்குப் பிறகு வந்த சட்டங்கள் பல. அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. ரசாயன விபத்துகளுக்கான 1996-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அந்த 1996 விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட நெருக்கடிக் குழு உண்டு. தொழிற்பகுதிகளில் உள்ளூர் நெருக்கடிக் குழு உண்டு. அந்த உள்ளூர்க் குழுவில் தீயணைப்பு அதிகாரி, காவல் நிலைய அதிகாரி, மருத்துவர்கள், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர், சமூகத் தலைவர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, சமூக சேவகர்கள் ஆகியோருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒத்திகை நடத்துவதும் மக்களுக்குத் தகவல் சொல்வதும் அவர்கள் கடமை. உங்கள் மாவட்டத்தில் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பது யார்? கடைசியாக எப்போது கூடினார்கள்? பெயர் சொல்லுங்கள் பார்க்கலாம்!

ஆனால் இந்தச் சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. குளோரினுக்கு 10 டன், 25 டன் என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் வைத்திருப்பவர்கள் மீதுதான் கனமான கடமைகளைச் சுமத்தியிருக்கிறார்கள். ஒன்பது டன்னர் வைத்திருந்தால் 8,100 கிலோதான். வரம்புக்குக் கீழே! நான் பார்த்த அந்த நான்கு டன்னர் நிலையம் கிட்டவே வராது. காகிதத்தில் அது 'பெரும் அபாய'க் கணக்கில் இல்லை. பத்து லட்சம் பங்கு காற்றில் பத்துப் பங்கு குளோரின் இருந்தாலே உயிருக்கு ஆபத்து என்று தொழில் பாதுகாப்பு நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள். ஒரே டன்னர் முழுவதும் கொட்டினால் எத்தனை தெருவுக்குப் போதும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வாயுவுக்குச் சட்டத்தின் அட்டவணை தெரியாது.

'வேறு வழியில்லை, குளோரின் வாயு இல்லாமல் முடியாது' என்பது இவர்களின் கடைசி ஆயுதம். அதுவும் உண்மையல்ல. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ப்ளூ பிளெயின்ஸ் என்றொரு பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே ஒவ்வொன்றும் 90 டன் கொள்ளும் ரயில் தொட்டிகளில் குளோரினை வைத்திருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் யாருக்கும் அது உறுத்தவில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. யாராவது அந்தத் தொட்டியை உடைத்தால் ஆட்சியாளர்களின் மூக்குக்கே வாயு வரும் என்ற பயம் பிடித்தது. சில வாரங்களிலேயே அத்தனை தொட்டிகளையும் அப்புறப்படுத்திவிட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலுக்கு மாறிவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் முடியாதது வாரக்கணக்கில் முடிந்தது! ஆளுகிறவர்களின் மூக்குக்கு ஒரு நியாயம், மதர் இந்தியா காலனி மூக்குக்கு ஒரு நியாயமா?

ஹைப்போகுளோரைட் கரைசலை வாங்கவும் செய்யலாம், உப்பும் மின்சாரமும் கொண்டு நிலையத்திலேயே தயாரிக்கவும் செய்யலாம். செலவு கூடும், இடம் வேண்டும், வெயிலில் அதன் வீரியம் குறையும். இவை உண்மை. அதையும் படிகாரக் கரைசல் இருக்கும் தொட்டியில் தவறி ஊற்றினால் அங்கேயும் குளோரின் எழும்பும். ஆகவே அதற்கும் பயிற்சி வேண்டும். ஆனால் ஒரு ஊரையே மூடும் மேகம் அதிலிருந்து எழும்பாது. நெருக்கமான குடியிருப்புக்கு நடுவில் இருக்கும் நிலையங்களையாவது முதலில் மாற்றுங்கள் என்பது நம் கோரிக்கை. மாற்றும் வரை மூச்சுக்கருவி பீரோவுக்குள் அல்ல, கொட்டகைக்கு வெளியே, கைக்கு எட்டும் பெட்டியில், பூட்டில்லாமல் இருக்க வேண்டும். கசிவை உணரும் கருவியும், காற்றின் திசை காட்டும் துணிக்குழாயும், ஊருக்குக் கேட்கும் சங்கும் இருக்க வேண்டும். இவற்றில் எது கோடிக்கணக்கில் செலவாகும்?

திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. ஜமாஅத் லெட்டர்பேடில் மட்டும் போகாதீர்கள். தெருவிலிருக்கும் எல்லாச் சமுதாயத்தாரின் கையெழுத்தையும் வாங்குங்கள். அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஒரே காற்றுதான். எத்தனை உருளை, எத்தனை கிலோ, சோதனைத் தேதி என்ன, ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுத்தது யார், கடைசி ஒத்திகை எந்தத் தேதியில், பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எழுத்தில் தகவல் கொடுத்திருக்கிறார்களா என்று எழுதிக் கேளுங்கள். மனுவுக்கு ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால், அதே கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு குடிநீர் நிலையத்தை நடத்தும் அலுவலகத்துக்கே அனுப்புங்கள். 30 நாளில் அவர்கள் பதில் தந்தாக வேண்டும். மனுவின் நகலை உங்கள் ஊர் தீயணைப்பு நிலைய அலுவலரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போதே, 'சார், உங்களிடம் மூச்சுக்கருவி எத்தனை இருக்கிறது? அதில் காற்று நிரப்பியிருக்கிறதா?' என்று கேட்டுவிட்டு வாருங்கள்.